வலது தோள்பட்டைக்குக் கீழே

காசு குதித்தது.

முப்பது வருடமாக அந்தச் செம்புக்காசு தன் முதுகில் ஓடும் தடம் வாகினிக்கு மனப்பாடம். கழுத்தடியில் தொடங்கும், தண்டுவடத்தை ஒட்டி இறங்கும், பிறகு ஒவ்வொரு விலாவின் ஓரமாகவும் சரிந்து சரிந்து போகும். டச்சுக்காரன் காலத்துக் காசு. விளிம்பில் ஒரு இடத்தில் சின்னதாக ஒரு வெட்டு, ஒவ்வொரு இழுப்பிலும் அது மட்டும் தனியாக நெருடும். உடம்பில் காற்று புகுந்துவிட்டது என்று தோன்றினால் ஜாவாத் தீவின் சோலோ நகரத்தில் யார் டாக்டரைத் தேடி ஓடுகிறார்கள்? தைலத்தைத் தடவி, காசால் வழித்து, முதுகெல்லாம் சிவப்புக் கோடாக எழும்பினால் காற்று இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் சூடாக ஒரு டீ, ஒரு தூக்கம். அவ்வளவுதான் வைத்தியம்.

அன்று சாயங்காலம், வலது தோள்பட்டைக்குக் கீழே வந்தபோது, ஓடிக்கொண்டிருந்த காசு எதன்மீதோ ஏறி இறங்கியது. வழித்துக்கொண்டிருந்த அவள் கணவர் தார்மின் கையை நிறுத்தினார்.

"என்னங்க, நிறுத்திட்டீங்க?"

"இரு. இங்க ஒரு மேடு இருக்கு."

"மேடா?"

"கோழி முட்டை அளவு. அமுக்கினா நழுவுது."

தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்திருந்த வாகினி சட்டென்று நிமிர்ந்து கைகளைத் தொங்கப் போட்டாள். தார்மினின் விரல்கள் அதே இடத்தில் மேலும் கீழும் தேடின.

"காணோம்."

"என்னது காணோம்?"

"இப்ப இருந்துச்சு, இப்ப காணோம். எனக்குத் தெரியாம முதுகுல எலி வளக்குறியா நீ?"

அவள் சிரித்தாள். சிரித்தபோது எலும்புக்கு அடியில் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதல்ல. கொஞ்ச காலமாகவே, காலையில் விற்கப் போகும் ஜாமு மூலிகைச் சாற்றுக் கூடையை முதுகில் ஏற்றும்போதெல்லாம் அது கேட்கும். மூட்டுத் தேய்மானம் என்று நினைத்திருந்தாள். மஞ்சளும் புளியும் ஒரு புட்டியில், அரிசியும் கச்சோலமும் இன்னொன்றில், கசப்புக் கஷாயம் வேறொன்றில் என்று நிறைத்து, மூங்கில் கூடையில் அடுக்கி, கோடு போட்ட லூரிக் துணியால் முதுகோடு சேர்த்துக் கட்டி, தெருத் தெருவாக நடந்தே இருபது வயதை ஐம்பத்தைந்து ஆக்கியவள் அவள். மற்றப் பெண்கள் பிள்ளையைக் கட்டித் தூக்குகிற அதே துணி, அதே முடிச்சு. ஊரில் பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் பால் ஊற ஜாமு காய்ச்சிக் கொடுத்தாள். அவள் முதுகில் மட்டும் கடைசிவரை புட்டிகள்தான் ஏறின.

தன் முதுகைத் தானே பார்க்க முடியாதது எவ்வளவு பெரிய சங்கடம் என்று அன்று இரவுதான் அவளுக்கு உறைத்தது. அங்கே என்ன இருக்கிறது என்பதை எப்போதும் இன்னொருவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டு எக்தி கையைத் தட்டி வேறொரு காரணம் சொன்னாள். "ஆத்தங்கரையில கூடையை இறக்கி வச்சியா? அந்தி நேரமா? அப்ப எதுவோ ஏறிக்கிட்டு வந்திருக்கு. என் நாத்தனாருக்கு இப்படித்தான், தோள் கனக்குது கனக்குதுன்னு கெடந்தா."

"உன் நாத்தனார் தோள்ல நீதான்டி ஏறியிருப்ப," என்றாள் வாகினி. ஆனால் அதற்குப் பிறகு அவள் ஆற்றங்கரையில் கூடையை இறக்கி வைக்கவில்லை.

வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போனபோது பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் அனிந்த்யா சின்ன வயசு, சிரித்த முகம். முதுகுப் பக்கமாக வந்து நின்றுகொண்டார்.

"அம்மா, உங்களையே நீங்க கட்டிப்பிடிங்க. நல்லா இறுக்கி. இப்பக் கொஞ்சம் முன்னால குனிங்க. ஆ... வந்துட்டாங்க பாருங்க, ரெண்டு பேரும்."

வாகினி தலையைத் திருப்பினாள். "ரெண்டு பேரா?"

"வலது பக்கம் பெரிசு. இடது பக்கம் இப்பத்தான் சின்னதா. இது பெரும்பாலும் ஜோடியாத்தான் வரும்."

ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். படத்தில் வெள்ளையும் கறுப்புமாகக் கோடுகள் மாறி மாறி இருந்தன. "உங்க லூரிக் துணி மாதிரியே இருக்கு இல்ல? கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் நார், கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் நார். புற்றுநோய் இல்லம்மா, நிம்மதியா இருங்க. வருஷக்கணக்கா சுமை தூக்குனா எலும்பும் விலாவும் உரசி உரசி இப்படி வளரும். தோள்பட்டை எலும்பு ஒரு கதவுன்னு வச்சுக்கங்க. கட்டிப்பிடிச்சா கதவு திறக்கும், இது வெளிய எட்டிப் பாக்கும். கையை இறக்குனா கதவு மூடிக்கும், இது உள்ள போயிடும். அதான் உங்க வீட்டுக்காரர் கைக்கு ஆப்புடல."

"வெட்டணுமா டாக்டர்?" தார்மின்தான் கேட்டார்.

"வலியே இல்லன்னா தொடக்கூட மாட்டேன். அம்மாவுக்குக் கை தூக்க முடியலையே, அதனால வலது பக்கத்தை எடுத்துடலாம். இடது பக்கம் சும்மாதானே இருக்கு, அது இருந்துட்டுப் போகட்டும்."

"தனியாவா?" என்று வாகினி கேட்டாள். கேட்ட பிறகு, ஏன் அப்படிக் கேட்டோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. டாக்டர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. எடுத்ததில் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஒரு டப்பாவில் போட்டுத் தார்மினிடம் கொடுத்தார்கள். உடம்பிலிருந்து பிரிந்ததை உடம்புக்காரர்களே மண்ணில் சேர்ப்பது அங்கே வழக்கம்தான். வெள்ளைத் துணியில் சுற்றிக் கபரஸ்தான் ஓரமாகப் புதைத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினாள் வாகினி.

அவள் வீடு திரும்பியது மழை விட்ட ஒரு அந்தியில். முதுகைச் சுற்றி இறுக்கமான பட்டைத்துணி. ரிக்ஷாவை விட்டு இறங்கும்போது, வலது பக்கம் கனம் குறைந்துவிட்டதாலோ என்னவோ, உடம்பு இடது பக்கமாகச் சாய்ந்தது. வாசற்படிக்கு வலதுபுறம், கவிழ்த்துவைத்த மூங்கில் கூடைக்கு அடியில், மஞ்சளாக ஒரு வெளிச்சம் தெரிந்தது.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்தத் தெருவில் வாசலோரம் கூடையைக் கவிழ்த்து விளக்கு வைத்தால் அதற்கு ஒரே பொருள்தான். வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது. பிள்ளையோடு வந்த நஞ்சுக்கொடியைக் கழுவி, மண்பானையில் இட்டு, அரிசி, உப்பு, ஊசி நூல் எல்லாம் வைத்து, அதைப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் துணியில் ஏந்தி வந்து தகப்பன் புதைப்பான். ஆண்பிள்ளை என்றால் வாசலுக்கு வலது பக்கம். ஒரு மாதத்துக்கு மேலாக விளக்கு எரியும். அது குழிக்குள் கிடக்கிற வெறும் சதையல்ல, பிள்ளையின் உடன்பிறப்பு, வீட்டைவிட்டுப் போகாது என்று சொல்வார்கள். கொத்தனார் தார்மின்தான் தெருவில் பிறந்த அத்தனை பிள்ளைகளுக்கும் குழி தோண்டிக் கொடுத்தவர். இளந்தகப்பன்களுக்குப் பழக்கமிருக்காது, இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு குழிகூட அவருக்காகத் தோண்டியதில்லை.

"என்னங்க இது?"

தார்மின் திருடிப் பிடிபட்டவர்போலத் தலையைச் சொறிந்தார். "கபரஸ்தானுக்குத்தான் கெளம்பினேன். வழியில சந்தை. பானை வித்துக்கிட்டிருந்தாங்க. கை தானா வாங்கிடுச்சு வாகினி. அப்புறம் எல்லாம் கை தானா செஞ்சிடுச்சு. அரிசி போட்டேன், உப்பு, ஊசி நூலு. நல்லாப் படிக்கட்டும்னு பென்சில்கூடப் போட்டேன்."

"எதுல தூக்கிட்டு வந்தீங்க?"

"உன் லூரிக் துணியிலதான்." சற்றுத் தயங்கி, "காசையும் உள்ள போட்டுட்டேன். அதை முதல்ல கண்டுபிடிச்சது அந்தக் காசுதானே."

எக்தி வேலிக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தாள். "என்ன வாகினி, ஆஸ்பத்திரி போயி பெத்துட்டே வந்துட்டியா? மூக்கு யாரு சாடை?" தெருவே சிரித்தது. வாகினியும் சிரித்து வைத்தாள். கணவரைத் திட்ட அவளுக்கு மனசு வரவில்லை. அந்த விளக்கைப் பார்த்து அவர் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தை அவள் கல்யாணமான புதிதில் பார்த்ததோடு சரி.

நாலைந்து நாளில் முதுகு மறுபடி வீங்கியது. டாக்டர் ஊசியால் உறிஞ்சி எடுத்தார். மஞ்சளாக, மெல்லிய கஞ்சித் தண்ணீர் மாதிரி வந்தது. "இது சகஜந்தாம்மா. பெரிய இடத்தைக் காலி பண்ணிட்டோம் இல்ல? காலி இடத்தை உடம்பு சும்மா விடாது, எதையாவது வச்சு ரொப்பப் பாக்கும். போகப் போக மூடிக்கும்." அடுத்த வாரம் மறுபடி ரொம்பியது. மறுபடி எடுத்தார்கள். டாக்டர் கவலைப்படவில்லை, பட்டையை இன்னும் இறுக்கிக் கட்டச் சொன்னார்.

வாகினிதான் கவலைப்பட்டாள். அந்தி மங்கி, பாங்கு சொல்லி ஓய்ந்து, தெருப் பிள்ளைகளையெல்லாம் தாய்மார்கள் வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தும் அந்தக் கொஞ்ச நேரத்தில், ஈர மண்ணும் எரிந்த எண்ணெயும் கலந்த வாடை வாசலிலிருந்து உள்ளே வந்து அடுக்களைவரை நகர்ந்து போகும், அது போன கையோடு அவளுடைய இடது எலும்புக்கு அடியில் டக் என்று கேட்கும். இடது பக்கம் இதற்குமுன் சத்தமே போட்டதில்லை. ஒரு முறைதான் கேட்கும். பிறகு, எதையோ எதிர்பார்ப்பதுபோல, மௌனம்.

துவைத்து மடித்து ஆணியில் மாட்டிய லூரிக் துணி, காலையில் முடிச்சுப் போட்டுத் தொங்கியது. பிள்ளை உட்காரும் பள்ளத்தோடு, சற்றே தொய்ந்து. அவள் போடும் முடிச்சுதான் அது, ஆனால் அவள் போடவில்லை. அவிழ்த்தாள். மறுநாளும் முடிச்சு இருந்தது.

ஒரு நாள் அவள் விளக்கை ஊதி அணைத்தாள். விடிந்தபோது எரிந்துகொண்டிருந்தது. "நீங்க ஏத்தினீங்களா?"

"இல்லையே," என்றார் தார்மின். அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

"அதைத் தோண்டி எடுத்துடுங்க. எனக்குப் பயமா இருக்கு."

"இன்னும் கொஞ்ச நாள்தானே. முடியட்டுமே."

"அது பிள்ளை இல்லைங்க. கொழுப்பு. கொழுப்பும் நாரும். டாக்டர் சொன்னாங்கல்ல?"

"எனக்குத் தெரியாதா?" அவர் கண் கலங்கிவிட்டது. "தெரியும்டி. ஆனா வேலைக்குப் போறப்ப, போயிட்டு வரேன்னு வாசல்ல ஒரு வார்த்தை சொல்ல ஆள் இருக்கு. இத்தனை வருஷத்துல அது இருந்ததில்ல."

அவர் முகத்து வெளிச்சத்தை அணைக்கிற வாய் தன்னுடையதாக இருக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது.

மறுநாள் மத்தியானம் எக்தி பட்டைத்துணியை மாற்றிக் கட்ட வந்தாள். கட்டை அவிழ்த்தவள், வழக்கமாக மூச்சுவிடாமல் பேசுகிறவள், பேச்சை நிறுத்தினாள்.

"யாருடி உனக்குக் காசு வழிச்சா?"

"யாரும் வழிக்கலையே. தையல் இன்னும் ஆறலையே."

"பொய் சொல்லாத. இடது பக்கம் பூரா சிவப்புக் கோடு." எக்தியின் விரல் அதில் பட்டபோது எரிந்தது. "தார்மின் அண்ணன் கை இல்ல இது. அவரு நீளமா இழுப்பாரு. இது குட்டிக் குட்டியா, கோணல் மாணலா, சின்னப் புள்ளைங்க செவுத்துல கிறுக்குற மாதிரி..."

அவள் முழுசாக முடிக்கவில்லை. கட்டை அவசரமாகச் சுற்றிவிட்டு, அடுப்பில் என்னவோ வைத்திருப்பதாகச் சொல்லிப் போய்விட்டாள்.

தார்மின் வேலையிலிருந்து வந்ததும் வாகினி அழுதாள். கல்யாணத்துக்குப் பிறகு அவர் முன்னால் அவள் அப்படி அழுததில்லை. அவர் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு ஆணியிலிருந்து லூரிக் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "தூக்கிட்டு வந்த துணியிலயே தூக்கிட்டுப் போறேன். கபரஸ்தானுக்கு. சரியா?" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு வாசலுக்குப் போனார்.

பாங்கு ஓய்ந்திருந்தது. தூறல் விழுந்தது. வாகினி முன்னறையில் முக்காலியைப் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். திறந்த கதவு வழியே அவர் தெரிந்தார், விளக்கைத் தள்ளி வைத்துவிட்டு மண்டியிட்டுத் தோண்டுகிற முதுகும் கையும். அவளுக்குப் பின்னால் அடுக்களை இருட்டு, அதில் காலையில் இடித்த மஞ்சளின் மணமும், சொட்டும் குழாயின் சத்தமும், வேறொன்றும் இல்லை. ஈரக் காற்று உள்ளே வந்தது. குளிருக்கு அவள் தன்னையே கட்டிக்கொண்டாள்.

பானை வெளியே வந்தது. மூடி மூடியபடியே இருந்தது. வாயைக் கட்டிய துணியும் கட்டியபடியே. தார்மின் விளக்கைக் கிட்டே இழுத்து அவிழ்த்தார்.

"வாகினி."

"என்னங்க?"

"அரிசி இருக்கு. ஊசி இருக்கு. பென்சில் இருக்கு."

"மத்தது?"

அவர் பானையைக் கவிழ்த்துக் காட்டினார். அரிசியும் ஊசியும் பென்சிலும் மட்டும் கொட்டின.

அப்போது தைல வாடை அடித்தது.

அவளுக்குப் பின்னால்.

கழுத்தடியில், சட்டைக்கு உள்ளே, சில்லென்று ஏதோ பட்டது. வட்டமாக. மெல்லிய விளிம்பாக. அது எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே தொடங்கியது. தண்டுவடத்தை ஒட்டி இறங்கியது. சின்ன இழுப்பு. கோணலாக. நின்றது. மறுபடி. ஒவ்வொரு இழுப்பிலும் அந்த ஒரு வெட்டு மட்டும் தனியாக நெருடியது.

தார்மின் எதிரே இருந்தார். இரண்டு கையும் பானையில்.

கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

காசு இடது பக்கம் போனது. அங்கிருந்த மேட்டின்மீது ஏறியது. இறங்கியது. தடவிக் கொடுப்பதுபோல, இன்னொரு முறை. பிறகு வலது பக்கம் வந்தது. பட்டைத்துணிக்கு அடியில் நுழைந்தது. தையலைத் தொட்டது. நின்றது.

காலி இடம்.

கதவு, என்று நினைவு வந்தது அவளுக்கு. கட்டிப்பிடித்தால் திறக்கும். அவள் தன்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறுக்கமாக. இத்தனை நேரமாக. திறந்து வைத்துக்கொண்டு.

மூடு. கையை இறக்கு. மூடு.

கைகள் மரத்திருந்தன. ஒன்று பிரிந்தது. மற்றது பிரியவில்லை. தையல் பிரிகிற வலி, சுரீரென்று. சின்னதாக, சூடாக, ஈரமாக எதுவோ. மற்றக் கையும் பிரிந்தது. இரண்டையும் உதறிக் கீழே போட்டாள்.

எலும்பு மூடியது.

முதுகில் காசின் சில்லிப்பு இல்லை. அவளுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் காசு விழும் சத்தம் கேட்டது. அது உருண்டது. முக்காலியின் கால்களுக்கு நடுவே வந்து, அவள் பாதத்தை உரசி, படியைத் தாண்டி வெளியே போய், தார்மினின் முழங்காலருகே சுற்றிச் சுற்றி விழுந்து கிடந்தது.

தார்மின் அதை எடுத்தார். நிமிர்ந்து அவளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு அவளைப் பார்த்தார். வாகினி எழுந்து நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக இடது பக்கம் சாய்ந்தே நின்றவள், இப்போது நேராக நின்றாள். பாரம் இரண்டு பக்கமும் சரியாக இருந்தது.

அவர் முகத்தில் பயம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. அந்தப் பழைய வெளிச்சம் வந்தது. தோளிலிருந்த லூரிக் துணியை எடுத்து, இரண்டு கையாலும் அகல விரித்து ஏந்திக்கொண்டு, அவர் மெல்லப் படியேறி வந்தார்.

"கண்ணு," என்றார். அவளை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

வலது எலும்புக்கு அடியில், உள்ளேயிருந்து தட்டுவதுபோல, டக் என்றது.

இடது பக்கம் பதில் சொன்னது.